முதலில் இரண்டு கிளாம்ப்: ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலும், கார் நிற்க வேண்டிய இடத்திலும், சமையலறையை ஒட்டிய பால்கனியிலும் பட்டறை போட்டிருக்கும் நண்பர்களுக்கு,



உங்களில் பலர் வாரத்தில் ஐந்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். சிலர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள். பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை, அம்மாவுக்கு ஒரு பூஜை அலமாரி என்று தொடங்கி, "இனி வைக்க இடமில்லை, சாமி" என்று வீட்டார் கும்பிடும் அளவுக்கு வந்திருக்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களுக்குள்ளேயே இருந்த வேலையை விருப்பம் உள்ள யாரும் தொடலாம் என்று ஆகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று விடுபட்டுவிட்டது. பட்டறையில் சேரும் பையனை ஆரம்பத்தில் மிஷின் பக்கமே விடமாட்டார்கள். தூள் கூட்டுவான், டீ வாங்கி வருவான், பலகையின் மறுமுனையைத் தாங்கிப் பிடிப்பான். மரம் எப்போது எகிறும், எந்தச் சத்தம் கேட்டால் மேஸ்திரி கையை எடுக்கிறார் என்பதெல்லாம் அந்த எடுபிடிக் காலத்தில்தான் அவன் உடம்பில் ஏறும். உங்களுக்கு மிஷின் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. எடுபிடிக் காலம் பெட்டிக்குள் இல்லை.

அதை ஈடுகட்ட நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: "பார்த்து, கவனமா பண்ணுங்க." கடைக்காரர் சொல்கிறார், வீட்டில் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலிருந்து சொல்கிறார். இந்த அறிவுரையில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் பிளைவுட் அறுக்க அதிகம் பேர் எடுப்பது மார்பிள் கட்டர். அதில் மாட்டும் மர பிளேடின் விட்டம் 110 மில்லிமீட்டர். சும்மா ஓடவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,000 முறை சுற்றும். அப்படியானால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் பயணிகளோடு ஓட அனுமதித்த உச்ச வேகமே 160தான். எதிர்பாராத ஒன்றைக் கண்டு கை அசைய, நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் அந்த பிளேடு 40 முறை சுற்றிவிடும். 30 பல் பிளேடு என்றால் 1,200 பற்கள் அந்த இடத்தைக் கடந்திருக்கும். நம் கவனம் வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும்.

ஆகவே சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்து வைத்தீர்களோ அதுதான் உங்களைக் காப்பாற்றும். பிளேடு சுற்ற ஆரம்பித்த பிறகு உங்கள் நிதானத்துக்கும் புத்திக்கும் அங்கே பெரிய வேலை இல்லை. நான் இனிச் சொல்வதெல்லாம் அந்த முன்னேற்பாட்டைப் பற்றித்தான்.

நம் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, பலகையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு வேலை செய்து பழகியவர்கள். உளிக்கும் கைரம்பத்துக்கும் அது அருமையான முறை. ரம்பம் தவறிப் பாதத்தில் பட்டால் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம்; அதோடு நின்றுவிடும். ஏனென்றால் வலித்த நொடியில் தள்ளும் கை தானாக நின்றுவிடுகிறது. மிஷினுக்குத் தள்ளும் கை தேவையில்லை. உங்களுக்கு வலிக்கிறது என்பது அதற்குத் தெரியப் போவதும் இல்லை. ஆனால் பழக்கம் அப்படியே வந்துவிட்டது: இடது காலால் ரீப்பரை மிதித்துக்கொண்டு, வலது கையில் கட்டரை ஓட்டி, இடது கையால் அறுபடும் துண்டைப் பிடித்துக்கொள்வது. எந்தக் கட்டிட வேலை நடக்கும் இடத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பார்த்துத்தான் நாமும் கற்றுக்கொண்டோம்.

மரத்தை மேசையோடு சேர்த்து இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இரண்டு எதற்கு? ஒன்று மட்டும் போட்டால் மரம் அதையே அச்சாக வைத்துத் திரும்பும். கிளாம்ப் போட்டபின் உங்கள் இரண்டு கைக்கும் மரத்தில் வேலை இல்லை. இரண்டையும் மிஷினின் இரண்டு கைப்பிடியில் வையுங்கள். பிளேடுக்கு முன்னால் வெட்டுப்பட ஒரு கையும் மிச்சமில்லை. இவ்வளவுதான் சூத்திரம். ரம்ப மிஷின், ரவுட்டர், மின் இழைப்புளி, ஜிக்சா எல்லாவற்றுக்கும் இது ஒன்றே பொருந்தும். துளை போடும்போதும் அப்படித்தான். ஒரு சின்னக் கட்டையை விரலால் பிடித்துக்கொண்டு பெரிய பிட் ஓட்டினால், பிட் மாட்டிக்கொண்ட கணத்தில் கட்டை சுழன்று விரலைத்தான் அடிக்கும். நூறு மில்லிமீட்டர் நீளத் துண்டு வேண்டுமென்றால் நீளக் கட்டையிலிருந்து அறுத்து எடுங்கள். ஏற்கெனவே சின்னதாக இருப்பதை இன்னும் சின்னதாக்க மிஷினிடம் போகாதீர்கள், கைரம்பம் இருக்கிறது. சென்னைப் பாரிமுனைத் தெருக்களில் மிஷின் வாங்கப் போகிறவர்கள் இரண்டாவது மிஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் நல்ல கிளாம்ப் நான்கு வாங்கிவிடுங்கள் என்பது என் கட்சி.

அடுத்து, மூடி. ஆங்கிள் கிரைண்டரிலும் மார்பிள் கட்டரிலும் பிளேடின் பாதியை மறைக்கும் இரும்பு மூடியை எல்லோரும் கார்டு என்கிறோம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் கழற்றப்படுவது அதுதான். "கார்டு இருந்தா கோடு தெரியாது சார்" என்பார்கள். ஓரளவு உண்மைதான், கோடு மறைகிறது. கழற்றுவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணமும் உண்டு: மூடி இல்லையென்றால் நாலு அங்குல மிஷினில் ஐந்து அங்குல பிளேடு மாட்டலாம், கொஞ்சம் ஆழமாக அறுக்கலாம். பெரிய பிளேடுக்கு அனுமதித்த சுற்று வேகம் குறைவு. சின்ன மிஷினின் வேகம் அதிகம். பிளேடின் முகத்திலேயே அதிகபட்சச் சுற்று எண் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். இன்னொன்றும் பாருங்கள்: கிரைண்டர் வட்டுக்கு நடுத்துளை 16 மில்லிமீட்டர், மார்பிள் கட்டர் பிளேடுக்கு 20. ஒன்றை மற்றொன்றில் ஏற்ற ஒரு வளையத்தைச் செருகி ஒப்பேற்றுவார்கள். பிளேடு மையம் தப்பி ஆடுவது அங்கிருந்துதான் தொடங்கும்.

என்னைக் கேட்டால், கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடு மாட்டுவதையே விட்டுவிட வேண்டும். அது தேய்க்கப் பிறந்த மிஷின். கீழே மரத்தின் மேல் உட்காரத் தட்டு கிடையாது, ஆழத்தைக் கட்டுப்படுத்த வழி கிடையாது, அந்தரத்தில் கையின் பிடியை மட்டும் நம்பி நிற்கிறது. ரம்பச் சங்கிலியை வட்டமாகச் சுற்றியது போன்ற வட்டுகளும் கடைகளில் கிடைக்கின்றன, மரம் குடைவதற்கென்று. அவற்றை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

"முப்பது வருஷமா கார்டு இல்லாம ஓட்டுறேன்" என்று சொல்லும் ஆசாரி உங்கள் தெருவிலும் இருப்பார். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. கிளாம்ப் போட்டு எடுக்கும் நேரம் அவர் பையிலிருந்து போகிறது. மதியத்துக்குள் கிச்சன் அலமாரியை ஏற்றியாக வேண்டும், மேலே ஒப்பந்தக்காரர் நிற்கிறார். அவர் ஆபத்தை ஏற்பது அவசரம் அவர்மேல் சுமத்தப்பட்டதால். உங்களை யார் விரட்டுகிறார்கள்? அந்த அலமாரி தீபாவளிக்கு முடியாவிட்டால் பொங்கலுக்கு முடியும். அவரிடம் இல்லாத நேரம் உங்களிடம் இருக்கிறது. நேரத்தை வைத்துக்கொண்டு அவசரக்காரரின் பழக்கத்தை எடுத்துக்கொள்வது எனக்குப் புரியாத விஷயம்.

இனி மரம் எகிறுவதைப் பற்றி. கிக்பேக் என்று காணொளிகளில் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலான புதியவர்கள் பிளேடில் கை படுவதைத்தான் கற்பனை செய்து பயப்படுகிறார்கள். கை பிளேடுக்குப் போவதற்கு முன் பல சமயம் எகிறல் ஒன்று நடந்திருக்கும். மேசை ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிப்பதால் அவை நமக்கு உதவி. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறுகின்றன. அறுத்து முடித்த பகுதி அந்தப் பின்பற்களைத் தொட்டால், பலகை தூக்கப்பட்டு, பிளேடின் தலைக்கு மேலாக உங்கள் வயிற்றை நோக்கி வீசப்படும். மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை, தள்ள மரம் இல்லாமல் பிளேடின் மேல் போய் விழும்.

மரம் ஏன் பின்பற்களைத் தொடுகிறது? சரியாகக் காயாத மரத்துக்குள் இழுவிசை தேங்கியிருக்கும். அறுக்க அறுக்க வெட்டு வாய் மூடிக்கொண்டு பிளேடை இறுக்கும். மேசையின் வழிகாட்டிச் சட்டம் பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்புறம் சற்றே நெருங்கியிருந்தாலும் அதேதான். குறுக்கே அறுக்கும்போது துண்டின் ஒரு முனையைச் சட்டத்தில் முட்டவைத்து அளவு பார்த்து, மறுபுறம் தள்ளுபலகையாலும் தள்ளினால், அறுந்த துண்டு சட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கித் திரும்பும். இதற்கெல்லாம் மருந்து, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. வெட்டு வாயைவிட ஒரு மயிரிழை குறைவான தடிமன். மரம் மூடிக்கொள்ள விடாது, பின்பற்களைத் தொடவும் விடாது. மேசை ரம்பம் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் அந்தத் தகடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கையால் ஓட்டும் வட்ட ரம்பத்தில் எகிறுவது மரமில்லை, மிஷின். வெட்டு வாய் பிளேடை இறுக்கினால் மிஷின் மரத்தை விட்டு ஏறிப் பின்னோக்கிப் பாயும். நம் வீடுகளில் இது நடக்கும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: எட்டுக்கு நாலு பிளைவுட்டை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே பாலம் போலப் போட்டு, நடுவில் அறுப்பது. பாதி அறுத்ததும் இரு பாதிகளும் நடுவில் தொய்ந்து பிளேடைக் கவ்வும். முழுத் தாளையும் தரையில் தெர்மோகோல் பலகைகளின் மேல் படுக்கவைத்து அறுங்கள். பிளேடு பிளைவுட்டுக்குக் கீழே நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் எட்டிப் பார்க்கும்படி ஆழத்தை வையுங்கள். தெர்மோகோலில் கோடு விழும், விழட்டும். நேரான பிளைவுட் பட்டை ஒன்றைக் கோட்டுக்கு இணையாகக் கிளாம்ப் செய்து அதை ஒட்டி மிஷினை நகர்த்தினால் மேசை ரம்பம் இல்லாமலேயே நேர்வெட்டு கிடைக்கும். இன்னும் எளிய வழி, பெரிய பிளைவுட் கடைகள் பலவற்றில் அளவு கொடுத்தால் அங்கேயே அறுத்துத் தருகிறார்கள். 18 மில்லிமீட்டர் முழுத் தாள் 30 கிலோவைத் தொடும். அதைத் தனியாளாக மாடிக்குத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வதைவிடக் கடையில் அறுத்து வாங்குவது கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆனால் மேசை ரம்ப ஆசை யாரை விட்டது. மார்பிள் கட்டரை ஒரு பிளைவுட் மேசைக்கடியில் கவிழ்த்துப் பொருத்தி, பிளேடை மேலே நீட்டி, சுவிட்சை எப்போதும் ஆன் நிலையில் பூட்டி, பிளக்கைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும் என்ற ஏற்பாட்டைச் செய்து படம் எடுத்துக் காட்டுகிறீர்கள். கைத்திறன் என்ற வகையில் பாராட்டலாம். ஆனால் அதில் பின்தகடு இல்லை, மூடி இல்லை, மரம் மாட்டிக்கொண்டால் குனிந்து சுவரில் பிளக்கைத் தேட வேண்டும். அதைக் கலைக்க மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் மேசையின் முன்விளிம்பில், முழங்காலாலோ தொடையாலோ தட்டினால் அணையும் பெரிய சிவப்புப் பொத்தான் சுவிட்ச் ஒன்றை வையுங்கள். வெட்டு வாய்க்கு நேர் பின்னால் மெல்லிய கடின மரச் சில்லு ஒன்றை நட்டுவையுங்கள். பிளேடுக்கு ஒரு சாண் தூரம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, குதிகால் வைத்த தள்ளுகட்டையால் தள்ளுங்கள். அந்தத் தள்ளுகட்டையைச் செய்யப் பத்து நிமிடம் போதும், வீணான பிளைவுட் துண்டு போதும். நிற்கும்போது பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள்.

மேசை ரம்பங்கள் பல வீடுகளில் இருக்கும் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் அவற்றின் பிளேடில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருவதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. வழிகாட்டிப் புத்தகமும் எச்சரிக்கை ஒட்டுப்படமும் நிறைந்த தேசம் அது. ஸ்டீபன் காஸ் என்ற இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர் 1999இல் இதைப் பற்றி யோசித்தபோது மனிதர்களைத் திருத்துவதை விட்டுவிட்டு மிஷினைத் திருத்தினார். பிளேடில் மெல்லிய மின்சமிக்ஞை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் சமிக்ஞை மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டி பற்களுக்குள் பாய்ந்து பிளேடை 5 மில்லி வினாடிக்குள் நிறுத்திவிடும். பத்து அங்குல பிளேடு அதற்குள் அரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது. விரலில் ஒரு கீறல். கட்டியும் பிளேடும் குப்பைக்கு. சாஸ்டாப் என்ற பெயரில் விற்கும் அந்த மிஷின் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. வாங்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை. கவனத்தை நம்பிப் பயனில்லை என்று ஒரு பொறியியல் மூளை எந்த அளவுக்கு உறுதியாக நம்பியது என்பதற்குத்தான்.

ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பலகையின் வெளி விளிம்பில் இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் பிட் மரத்தைக் கவ்விக்கொண்டு தானே ஓடப் பார்க்கும். மின் இழைப்புளிக்காரர்களுக்கும் ஒன்று: சுவிட்சை விட்ட பிறகும் உருளை சில வினாடி சுற்றும், நின்ற பிறகே கீழே வையுங்கள்.

உடையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, முந்தானை, தளர்ந்த முழுக்கைச் சட்டை எதுவும் வேண்டாம். நீளக் கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். மோதிரம் கழற்றுங்கள், கோயில் கயிறு மணிக்கட்டில் தொங்கலாக இருந்தால் அதையும். கையுறை விஷயத்தில் மட்டும் நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. சிலாம்பு நிறைந்த பலகையைத் தூக்கக் கையுறை நல்லது. சுற்றும் ரம்பத்தின் முன்னாலும் துளை மிஷினின் முன்னாலும் கையுறை கெடுதல். அதன் ஒரு நூல் சிக்கினால் கையை முழுதாக உள்ளே இழுக்கும். சுவிட்ச் போடும் முன் கழற்றுங்கள். பார்வைக் கண்ணாடி பக்கவாட்டில் காக்காது, பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அதன் மேலேயே போடலாம். காதுக்கு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரமே தாங்கும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஊர்க் கோயில் திருவிழாவில் ஏற்கெனவே அதைச் செலவழித்தவர்கள் நாம்.

மின்சாரத்தில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. கிரைண்டரிலும் கட்டரிலும் சுவிட்சைப் பூட்டி வைக்கும் பொத்தான் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையோ, மழையோ. நீங்கள் அலுத்துக்கொண்டு மிஷினைப் பலகை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்குகிறீர்கள். பூட்டு விடுபடவில்லை. கரண்ட் வருகிறது, ஆளில்லாத மாடியில் மிஷின் தானே எழுந்து ஓடுகிறது. அங்கே பூனை இருக்கலாம், பேரக்குழந்தை இருக்கலாம். கரண்ட் போன கணத்தில் பிளக்கைப் பிடுங்குவதை அனிச்சைச் செயலாக்கிக்கொள்ளுங்கள். நிலையாக வைத்த மிஷின்களுக்கு, மின்சாரம் போய் வந்தால் மறுபடி அழுத்தும்வரை ஓடாத சுவிட்ச் கிடைக்கிறது. எலெக்ட்ரீஷியனிடம் கேட்டால் மாட்டித் தருவார்.

பிளேடு மாற்றும்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும். பேட்டரி மிஷின் என்றால் பேட்டரி வெளியே. நம் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது 1,380 வாட். கட்டர் ஒன்றே அதைத் தொட்டுவிடும். அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தூசி உறிஞ்சியையும் சேர்த்துப் போட்டால் வயர் சுடும், சுருட்டி வைத்த வயர் இன்னும் சுடும். பட்டறைக்கென்று 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று இழுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? அதன் முகத்தில் டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

தூளுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்பெற்ற ஊர் ஹை விக்கம். 1960களில் அந்தப் பக்கத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எஸ்தர் ஹாட்ஃபீல்டும் ரொனால்ட் மெக்பெத்தும், மூக்கறைக்குள் வரும் ஓர் அரிய புற்றுநோய் தங்களிடம் வரும் மரவேலைக்காரர்களிடம் விசித்திரமாக அதிகம் இருப்பதைக் கவனித்தார்கள். மருத்துவ ஆய்வாளர் டொனால்டு அச்செசனோடு சேர்ந்து அவர்கள் ஆராய்ந்து வெளியிட்டதும், பின்னால் பல நாடுகளில் தெரியவந்ததும் சேர்ந்து, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் முதல் பிரிவில் வைத்தது. எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு தூளில் பசையின் ஃபார்மால்டிஹைடும் உண்டு. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும்.

ஹை விக்கம் தொழிலாளிகள் வருடக்கணக்கில் நாள் முழுக்க அதைச் சுவாசித்தவர்கள். வாரத்துக்குச் சில மணி நேரம் செய்யும் உங்கள் ஆபத்து அந்த அளவு இல்லை, பயமுறுத்தவில்லை. ஆனால் அவர்கள் பட்டறையை விட்டு வீட்டுக்குப் போனார்கள். உங்கள் பட்டறை வீட்டிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் காலடியில் விழுந்துவிடும். தெரியாத நுண்தூள் நெடுநேரம் மிதந்து, படுக்கையறை வரை வரும். மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது, என்95 முகக்கவசம் தடுக்கும். அதைப் போடப் பழக்கும் வேலையை கொரோனா ஏற்கெனவே செய்துவிட்டது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கி மறுபடி கிளப்பிவிடாமல், உறிஞ்சியாலோ ஈரத்துணியாலோ எடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும் வேலைதான் இதில் மோசமானது, திறந்த மாடியில் காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள்.

இடித்த வீடுகளின் தேக்கை வாங்கி அறுப்பவர்கள் உங்களில் பலர். காரைக்குடிப் பக்கம் போனால் எனக்கும் கை அரிக்கும். அந்த மரத்துக்குள் துருவேறிய ஆணி ஒளிந்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மரத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். பித்தளை ஸ்க்ரூ காந்தத்துக்குச் சிக்காது என்பதால், கீல் இருந்த இடங்களை ஒரு சாண் விட்டே அறுங்கள்.

வீட்டில் இருப்பவர்களோடும் ஒரு பேச்சு வேண்டும். காது மூடியை மாட்டியிருக்கும்போது பின்னாலிருந்து தோளைத் தொடக் கூடாது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் பட்டறை விளக்கை இரண்டு முறை அணைத்து எரியவிடட்டும், மிஷின் நிற்கும்வரை காத்திருக்கட்டும். மாடியில் தனியாக இருக்கும்போது கீழே ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்; கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு விரல் போனால் என்ன செய்வது என்பதையும் அவர்களுக்கே சொல்லிவையுங்கள், ஏனென்றால் அப்போது செய்யப் போவது நீங்கள் இல்லை. காயத்தில் காபித்தூள், மஞ்சள் எதுவும் போடக் கூடாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்திவைத்தால் போதும். நூலால் இறுக்கிக் கட்ட வேண்டாம். துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வைக்க வேண்டும். ஐஸ் நேராக விரலில் பட்டால் திசு உறைந்து கெடும். விரலில் தசை கிடையாது என்பதால், குளிர்ச்சியாக வைத்தால் பல மணி நேரம் தாங்கும். திண்டுக்கல்லிலிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர நேரம் இருக்கிறது. எல்லா மருத்துவமனையிலும் விரலைத் திரும்ப ஒட்டமாட்டார்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைத் துறை இருக்கிறது. கோவையில் கங்கா மருத்துவமனை இந்த வேலையில் பெயர் பெற்றது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நுண் அறுவை செய்யும் இடம் எது என்று இப்போதே விசாரித்து, எண்ணை 108க்குப் பக்கத்தில் சுவரில் எழுதிவையுங்கள்.

அடுத்த முறை நீங்கள் செய்ததைப் படம் எடுத்து அனுப்பும்போது அலமாரியோடு பட்டறையையும் சேர்த்து எடுங்கள். கார்டு மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆசை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்

பி.கு.: ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும். துணி சுருண்டு கிடந்தால் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். தின்னர் டப்பா இருக்கும் பக்கம் அந்தக் கொடி வேண்டாம்.